மலாக்கி விட்டுப்போன வரம்

கில்டாராக் ஊரில் படர்தாமரைக்கு மந்திரிக்கும் வரம் ஹெஹிர் குடும்பத்துக்குத்தான். ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்று எத்தனையோ தலைமுறையாக அது கைமாறி வந்திருக்கிறது. கடைசியாக அதை வைத்திருந்த மலாக்கிக்கு ஒரே மகள் டிம்ஃப்னா. அவளுக்குத்தான் வரும் என்று ஊரே நினைத்தது. கிழவரோ சாகும்போது மருமகளை, டிம்ஃப்னாவின் தம்பி மனைவி அட்ராக்டாவைக் கூப்பிட்டு, அவள் காதில் மந்திரத்தை ஓதிவிட்டுக் கண்ணை மூடினார்.

எங்கோ மேயோவிலிருந்து வாழ வந்தவள்! தம்பி வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும்போதெல்லாம் டிம்ஃப்னாவுக்கு வயிறு எரிந்தது. ஜன்னல் திரையை விலக்கி, வந்தது யார் என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தேநீர் இறங்காது.

இப்போது கன்றுக்குட்டிகளிடமிருந்து அவள் மணிக்கட்டிலேயே படர்தாமரை ஒட்டிக்கொண்டது. டப்ளினில் படித்த டாக்டரின் களிம்புக்கு அது அசையவில்லை. வேறு வழியில்லாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். ஆறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போனாள். ஆறாவிட்டால், அப்பா ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லலாமே!

மூன்று முறை மந்திரிக்க வேண்டும். முதல் இரண்டு முறையும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை அட்ராக்டா மணிக்கட்டைப் பிடித்து, முணுமுணுத்து ஊதினாள். அப்பாவின் அதே முணுமுணுப்பு. டிம்ஃப்னாவால் பொறுக்க முடியவில்லை.

"எங்கப்பாவுக்கு என்னடி சொக்குப்பொடி போட்டே?"

"நான் கேக்கவே இல்லக்கா. மாமாவாத்தான் கூப்ட்டாரு."

"பெத்த பொண்ணு நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில?"

அட்ராக்டா தயங்கினாள். "வந்தவங்க ஒருத்தரக்கூடத் திருப்பி அனுப்பக் கூடாதாம். அனுப்பிட்டா வரம் போயிடுமாம். 'டிம்ஃப்னா ஆளு பாத்துத்தான் கதவு தொறப்பா'ன்னாரு."

"நானா? யாரைடி அனுப்பியிருப்பேன்? ஒரு பேரு சொல்லு பாப்போம்!"

அட்ராக்டா பிடித்த மணிக்கட்டை விடவில்லை. வரப்புச் சண்டைக்காகப் பக்கத்து நிலத்து ஹான்லியைத் திருப்பி அனுப்பியிருப்பாள் டிம்ஃப்னா, அது நிச்சயம். ஆனால் அவனுக்கும் முன்னால், எதிரே நிற்கும் இவளைத்தான் விரட்டியிருப்பாள். அது டிம்ஃப்னாவுக்கே தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் எரிந்தது.

சனிக்கிழமைக்குள் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. ஞாயிறு காலை அதிசயமாக வெயில் கொளுத்தியது. டிம்ஃப்னா முழுக்கைக் கம்பளிச் சட்டையில் பூசைக்கு வந்தாள்.

"கை ஆறிடுச்சா டிம்ஃப்னா?" என்று கோயில் வாசலில் கேட்டார்கள்.

"எங்க ஆறுது? அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி, சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.