கதம்ப ஆனர்ஸ்

மாரித்தாய்க்கு ரசாயன ஆனர்ஸில் இடம் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் அன்று பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

1955ஆம் வருஷம், ஜூன் மாதம். மதுரையில் அந்தக் கல்லூரியில் அந்த வருஷம்தான் புதிதாக ஒரு ஆனர்ஸ் படிப்பு தொடங்கியிருந்தார்கள். ரசாயனம், பொருளாதாரம், சரித்திரம், தமிழ் நான்கையும் சேர்த்து மூன்று வருஷம் படிக்க வேண்டும். கடைசி வருஷம் நான்கும் கலந்த ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மொத்தம் எட்டு இடம். ஐந்து பேர்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

"ரசாயனத்தில் எழுபத்தொன்பது மார்க் வாங்கியிருக்கிறாய்" என்றார் பிரின்சிபால். "நீ விட்டுவிட்டுப் போகிற இடத்துக்காக வெளியே வராந்தாவில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். இந்தப் புதுப் படிப்பைப் பல்கலைக்கழகம் சோதனைக்காகத்தான் அனுமதித்திருக்கிறது. தோற்றாலும் தோற்கும்."

"நான் தோற்க மாட்டேன் சார்."

"நீ இல்லை அம்மா, படிப்பே தோற்றுப்போனால்?"

"அப்பவும் நான் நாலு பாடம் படிச்சிருப்பேனே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவள் திமிராகச் சொல்லவில்லை. அந்தப் படிப்பின் விவரத்தை நோட்டீஸ் பலகையில் வாசித்தபோதே, இது தனக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்குக் காரணம் அவளுடைய சித்தி இருளம்மாள்.

மாரித்தாயின் ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். தாத்தா காலம் வரை அடுத்தவர் கரிசல் காட்டில் கூலி வேலை. அய்யா முனியசாமி தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி வெட்டினார். அம்மா பஞ்சம்மாள் வீட்டில் இருந்தபடியே பெட்டி ஒட்டினாள். சித்தி மட்டும் வெடிக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் அறையில். மாரித்தாய் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அந்த அறையில் தீப்பிடித்து, சித்திக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின.

ஏன் பிடித்தது என்று மாரித்தாய் எல்லோரையும் கேட்டாள். மருந்தில் கலப்படம் என்றார் போர்மேன். தீபாவளி சீசன் நெருக்கடி என்றார் அய்யா. வேலை தெரியாதவர்களை உள்ளே விட்டால் அப்படித்தான் என்றார் பள்ளிக்கூட வாத்தியார். சித்தியோ, "மருந்து கோவிச்சுக்கிடுச்சுடி" என்றாள். யாரும் பொய் சொன்னதாக அவளுக்குப் படவில்லை. ஆனால் ஆளுக்கு ஒரு துண்டுதான் வைத்திருந்தார்கள். முழுசாக யாரிடமும் இல்லை.

கல்லூரியில் சேர்ந்த செய்தியைச் சொல்ல ஊருக்குப் போனபோது அய்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போவே தாயி?"

"அதை இன்னும் யாரும் முடிவு பண்ணலைய்யா. எனக்கு வசதியாப் போச்சு."

முனியசாமிக்கு அது விளங்கவில்லை. ஆனால் மகள் சொன்ன தினுசு பிடித்திருந்தது. சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

விடுதியில் மற்ற பிள்ளைகள் அதற்குக் "கதம்ப ஆனர்ஸ்" என்று பேர் வைத்தார்கள். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத ஐந்து பேருக்குத் தனி வகுப்பறைகூடக் கிடையாது. காலையில் ஆய்வுக்கூடத்தில் கந்தக நெடி, மதியம் பொருளாதாரம், சாயங்காலம் சங்கப் பாட்டு. ரசாயன மாணவர்கள் அவர்களைத் தமிழ்க்காரர்கள் என்றார்கள், தமிழ் மாணவர்கள் சோதனைக்குழாய்க்காரர்கள் என்றார்கள். இரண்டாம் வருஷம் ஒருவன் பயந்துபோய்ப் பொருளாதாரத்துக்கே மாறிவிட்டான். மாரித்தாய்க்கு ஒருநாள்கூட அந்த நினைப்பு வரவில்லை.

மூன்றாம் வருஷம், புரட்டாசி மாதம் விடுமுறையில் அவள் ஊருக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டு. கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், வெடிக் கம்பெனிகளில் தீ விபத்து. விசாரிப்பதற்கு முதலில் சித்தி வீட்டுக்குத்தான் போனாள். இருளம்மாள் இப்போது அதே கம்பெனியில் லேபிள் ஒட்டினாள். கைத்தோல் சுருங்கி வழவழவென்று இருந்தாலும் விரல்கள் மடங்கின.

"சித்தி, மருந்து ரூம்பு சுவத்துல ஒரு போர்டு இருக்கே, நீ வாசிச்சிருக்கியா?"

"வாசிக்காம? மூணாப்புப் படிச்சவடி நான். ஈர மருந்தை ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கும்."

மாரித்தாய் முந்தின நாள்தான் அந்தப் பலகையைப் பார்த்து எழுதி வந்திருந்தாள். நோட்டைப் பிரித்தாள். "ஈரத்தன்மையுள்ள கலவையை உராய்வுக்கு உட்படுத்தலாகாது" என்று இருந்தது.

"ஆய்வு இல்ல சித்தி. உராய்வு."

"அது பெயிண்ட்டு அடிச்சவன் தப்பா எளுதிட்டான். ஆய்வுதான். இன்ஸ்பெக்டரு வருவாகல்ல, அந்த ஆய்வு. அவுக வர்ற அன்னைக்கு ஈர மருந்து கண்ணுல படக் கூடாதுன்னு போட்டிருக்காக. எல்லாருக்கும் தெரியுமே! ஜீப்புச் சத்தம் கேட்டாப் போதும், தட்டுல காயிற ஈர மருந்தை அம்புட்டையும் வாரிக் கட்டிப் பின்னால ரூம்புல போட்டு அடைச்சிருவோம். அவுக போன பொறவு அவசர அவசரமா இளுத்து வெளிய போடுவோம். அன்னைக்கும் அப்படித்தான செஞ்சோம்."

"என்னைக்கு?"

"என் கை வெந்த அன்னைக்கு."

மாரித்தாய்க்குப் பென்சில் ஓடவில்லை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்று அவள் ஆய்வுக்கூடத்தில் படித்திருந்தாள். காற்றில் பரத்தி வைத்தால் அந்தச் சூடு ஆறிப்போகும். மூட்டையாகக் கட்டி அடைத்தால் உள்ளேயே ஏறும். அந்த மூட்டையை இழுத்துத் தரையில் தேய்த்தால் என்ன ஆகும் என்பதைச் சித்தியின் கையே சொல்லிற்று. காப்பாற்றுவதற்கு எழுதிய வாசகமே கையைச் சுட்டிருக்கிறது.

"சித்தி, உராய்வுன்னா உரசுறது. தேய்க்கிறது. மருந்தை உரசாதீகன்னு எளுதியிருக்கு."

இருளம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது. "அதை அப்படியே எளுதித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு அவுகளுக்கு?" என்றாள்.

அந்த விடுமுறை முழுக்க மாரித்தாய் வீடு வீடாகப் போனாள். வாசிக்கத் தெரிந்த பத்தொன்பது பேரில் பதினொரு பேர் அதே 'ஆய்வு'தான் சொன்னார்கள். தீப்பிடித்த தேதி யாருக்கும் நினைவில்லை. ஆனால் இருக்கன்குடி கோவில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குப் போய்வந்து எத்தனையாவது வாரம் என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள். அதை வைத்துத் தேதியைக் கணக்கிட்டாள். பத்து வருஷத்தில் ஒன்பது தீ, அதில் ஏழு புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் நடுவில். மழை தொடங்கும் நாளும் ஆர்டர் குவியும் நாளும் ஒன்றாக வருகிற சமயம். பழைய இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை மதுரையில் ஒரு நூலகத்தில் தேடிப் பிடித்து, அந்தப் பலகையின் வாசகம் எங்கிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்றும் கண்டுபிடித்தாள். கட்டுரையை இங்கிலீஷில் டைப் அடித்தாள். சித்தியும் மற்றவர்களும் பேசியதை மட்டும் இடம் விட்டு, மையால் தமிழில் தன் கைப்பட எழுதினாள்.

1958 ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். சென்னையில் இருந்து வந்த ரசாயனக்காரர் முதலில் கட்டுரையைத் தள்ளி வைத்தார்.

"இதில் புதிய ரசாயனம் எதுவும் இல்லையே அம்மா."

"இல்லைங்க சார். பழைய ரசாயனமே அந்த ரூமுக்குள்ள இன்னும் போய்ச் சேரலை."

பொருளாதாரக்காரர், ஒன்பது விபத்தை வைத்துக்கொண்டு புள்ளிவிவரம் பேச முடியாது என்றார். அவர் சொல்வது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு, பத்தாவது விபத்துக்காகத் தான் காத்திருக்க விரும்பவில்லை என்றாள். தமிழ்ப் பேராசிரியருக்குத்தான் ரொம்ப வருத்தம்.

"உராய்வு நல்ல தமிழ்ச் சொல். அதைப் புரிந்துகொள்ளாதது வாசிக்கிறவர் குறை. கொச்சை மொழியில் அறிவிப்பு எழுதச் சொல்கிறாயா?"

"கொச்சையா வேண்டாங்க ஐயா. நல்ல தமிழ்லயே, எங்க சித்திக்குப் புரியிற மாதிரி ஒரு வரி நீங்களே சொல்லுங்க. எழுதிக்கிடுறேன்."

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர் யோசித்து, "ஈரமான மருந்தைத் தேய்க்கக் கூடாது" என்றார். அது போதாது, அடைத்து வைக்கக் கூடாது என்பதுதான் முக்கியம் என்றார் ரசாயனக்காரர். அவசரத்தில் இருக்கிறவன் இரண்டு விஷயத்தை வாசிக்க மாட்டான், எதை முதலில் போடுவது என்று கேட்டார் பொருளாதாரக்காரர். மூன்று பேரும் அவளை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். கால்மணி நேரம் கழித்து, "ஈர மருந்தைக் கட்டி அடைக்காதே. உரசாதே. பரப்பிக் காயவை" என்று முடிவாயிற்று. மாரித்தாய் அதை எழுதி, அவர்கள் முன்னால் நீட்டி, "இது எந்தப் பாடத்துலங்க வரும்?" என்று கேட்டாள். தமிழ்ப் பேராசிரியர் முதலில் சிரித்தார்.

ஆனாலும் இரண்டாம் வகுப்புத்தான் கொடுத்தார்கள். அரை நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் வகுப்புக் கிடைக்கும் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள். சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினாள்.

சித்தி வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் சுந்தரபாண்டி. மருந்து அறைக்கு ரசாயனம் படித்த ஆள் ஒருவரைப் போடச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஆபீஸில் இருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அது மாரித்தாய்க்குத் தெரியும். மறுநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"கெமிஸ்ட்டாம்மா நீ?"

"கெமிஸ்ட்டும்தாங்க."

"கெமிஸ்ட்டும்னா? வேற என்ன?"

"உங்க சுவத்துல இருக்கிற போர்டுல என்ன எளுதியிருக்குன்னு வேலை பார்க்கிறவுகளைக் கேட்டுப் பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீக."

சுந்தரபாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மருந்து சலித்துக்கொண்டிருந்த ஆறு பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நான்கு பேர், இன்ஸ்பெக்டர் வரும்போது ஈர மருந்தை ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். "நீங்கதான முதலாளி அதை எளுதிப் போட்டீக?" என்று ஒருத்தி கேட்டும் விட்டாள். அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆபீஸுக்குத் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைக்கு வாரே?" என்றார்.

அந்த வாரமே பலகையில் புது வாசகம் ஏறியது. அரசாங்க வாசகத்தை எடுக்க முடியாது என்பதால், அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் சொன்ன அந்த வரி. ஆனால் அவளுடைய வேலை எழுத்தோடு முடிகிறதாக இல்லை.

புரட்டாசி கடைசி வாரம். மூன்று நாள் விடாமல் மழை. சென்னைக்கு லோடு ஏற்ற லாரி வந்து வாசலில் நின்றது. பின்னால் கொட்டகையில் சரவெடி இன்னும் காயவில்லை. மாரித்தாய் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும் என்று புதிதாக ஏற்பாடு.

"இன்னைக்கு ஏத்தலைன்னா பார்ட்டி வேற கம்பெனிக்குப் போயிருவான்" என்று சுந்தரபாண்டி கத்தினார். "நீ படிச்ச சரித்திரத்துல இதெல்லாம் இருக்காது!"

"இதுதாங்க இருக்கு. பத்து வருஷத்துல ஏழு தடவை, இதே சமயத்துலதான், இதே பேச்சைப் பேசியிருக்காக."

அவள் விடவில்லை. "மத்தாப்பு காஞ்சிருக்கு. அதை லாரியில ஏத்திருவோம். வெடி ரெண்டு நாள் கழிச்சு வரும்னு பார்ட்டிக்கு நான் கடுதாசி எளுதுறேன். மத்தக் கம்பெனியிலயும் மளைதான் பெய்யுது, அவுக சரக்கு மட்டும் காஞ்சா கிடக்கும்? பார்ட்டி எங்கயும் போக மாட்டாக."

"போயிட்டா?"

"போகட்டுங்க. ஈரச் சரக்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனார். லாரி டிரைவர் பீடியை எடுத்தவன், அவள் பார்வையைப் பார்த்துப் பையிலேயே வைத்துக்கொண்டான். பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே இருந்து ஆள் வந்து, மத்தாப்பை மட்டும் ஏற்றச் சொல்கிறார் என்றான்.

மாரித்தாய் கடிதத்தை நின்றபடியே எழுதினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன சரக்கு வருகிறது, மீதி எப்போது வரும், ஏன் என்று மூன்று வரி. டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்கொட்டகைக்கு நடந்தாள். மழை விட்டு மேற்கே வெளுத்திருந்தது. வெயில் வந்தால் தட்டுகளை எந்த வரிசையில் வெளியே எடுப்பது என்று பெண்கள் அவளைக் கேட்டார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் தட்டின் ஒரு முனையைத் தானே பிடித்தாள்.