கண்ணிலா, நாக்கிலா

முரளிதரனின் முதுகலைப் பட்டம் இன்சீன் ரயில்வே குடியிருப்பின் வராந்தாவில், ஓர் உடைந்த வாளியில் பூத்திருந்தது. தண்டவாளத்தோரப் புல்லிலிருந்து அவன் பெயர்த்து வந்த தரை ஆர்க்கிட். எல்லாப் பூவும் வாடிப்போய் உச்சியில் ஒன்றுதான் மிச்சம்.

இதே முகவெட்டில் இரண்டு இனங்கள் உண்டாம். பர்மிய வழக்கப்படி அவன் சயாமா என்று அழைக்கும் தாவரவியல் பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "தேன் குடிக்க வரும் அந்துப்பூச்சியின் கண்ணில் மகரந்தம் ஒட்டினால் ஒன்று, நாக்கில் ஒட்டினால் மற்றது. பூச்சியைப் பிடித்து வா. இல்லாவிட்டால் அடுத்த மழைக்குப் பார்ப்போம்." அடுத்த மழை என்றால் இன்னொரு வருஷம். ஆய்வேட்டில் செடியின் பெயரைத் தவிர எல்லாம் இருந்தது.

அந்தி சாய்ந்தது. வழக்கம்போல் கரண்ட் இல்லை. பூச்சிக்கு இருட்டுதான் பிடிக்கும் என்பதால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னான். சுவரில், அணைந்த விளக்குக்குக் கீழே ஒரு பல்லி. முரளி துடைப்பத்தை எடுத்தான்.

"அடிக்காதடா!" என்றாள் அக்கா ராதாமணி. "காலையில நீ பாஸாவியான்னு நினைச்சேன், உடனே 'ச்சிக்'குன்னுச்சு. நல்ல வாக்கு சொன்ன வாயை யாராச்சும் அடிப்பாங்களா?"

"அது பூச்சி திங்கும்க்கா."

"நீயும்தான் வேளை தவறாம மோஹிங்கா திங்கிற. உன்னை அடிச்சோமா?"

துடைப்பம் இறங்கியது.

அப்போதுதான் அது வந்தது. சாம்பல் நிறப் பூச்சி, அந்தரத்தில் நின்றபடியே நீளமான நாக்கைப் பூவுக்குள் விட்டது. பின்வாங்கியபோது முகத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணிலா, நாக்கிலா? இருட்டில் தெரியவில்லை. கொசுவலைத் துணியில் தைத்த வலையை முரளி மெல்ல உயர்த்தினான்.

"மீ லா பீ!" என்று தெருவே கத்தியது. கரண்ட் வந்துவிட்டது. வந்தால் தெரியட்டும் என்று சுவிட்சைப் போட்டே வைத்திருந்தவள் அக்கா. விளக்கு பளிச்சென்றது. பூச்சி பூவை விட்டு விளக்குக்குத் தாவியது. வலையில் காற்று அகப்பட்டது. நல்ல வாக்கு சொன்ன வாய் ஒருதரம் திறந்து மூடியது.

"ஐயையோ," என்றாள் அக்கா. பிறகு உற்றுப் பார்த்து, "டேய், பல்லி மூஞ்சில மஞ்சளா இருக்கு பாரு. அதை எடுத்துக்கோயேன்!"

"பூச்சி மேல எங்க ஒட்டியிருந்ததுன்னு தெரியணும்க்கா."

பல்லி நிதானமாக நாக்கை நீட்டித் தன் கண்ணை நக்கிக்கொண்டது. மஞ்சளும் போயிற்று. பிறகு, "ச்சிக்."

"பாத்தியா, மறுபடியும் சொல்லுது!"

"கண்ணுன்னு சொல்லுதா, நாக்குன்னு சொல்லுதா?"

முரளி வலையை மடியில் போட்டுக்கொண்டு, அது இன்னொரு தடவை சொல்லுமா என்று சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.