தேத்தண்ணி குடிக்காத மாதங்கள்

...குலுக்கக் கூடாது, மெதுவாகத்தான் புரட்ட வேண்டும், மேலும் கீழுமாக, படிக்கப் போன முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, புரட்டாமல் விட்டால் குழாய்க்குள்ளேயே அம்மாவின் இரத்தம் கட்டிப்போகும், கட்டிப்போனால் சோதிக்க முடியாது, அம்மா வெறுங்கையோடு லிந்துலைத் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவாள், வெளிநாட்டு ஏஜென்சிக்காரர் சொன்ன நாள் தவறிவிடும்... அப்படியே வைத்துவிட்டால்தான் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கை புரட்டிக்கொண்டே இருக்கிறது, பாழாய்ப்போன கை, நன்றாகப் பழகிவிட்டது. அது பழகியதே அம்மாவிடம்தான், லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கையை நீட்டுவாள், நரம்பு கிடைக்காமல் நான் மாறி மாறிக் குத்துவேன், "குத்து புள்ள, கொழுந்து பறிக்கிற கைக்கு இதெல்லாம் வலிக்குமா?" என்பாள், மறுநாள் நீலம் பாரித்த கையோடு தேயிலை மலைக்குப் போவாள்.

மூன்று மாதத்துக்கு முன்பும் இந்த லேப்பில் இதே கதிரையில்தான் உட்கார்ந்தாள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போகிறாளாம், கொழும்பு மெடிக்கலுக்கு முன்னால் இங்கே இரத்தம் பார்த்து வரச் சொன்னார்களாம். எல்லாம் எனக்காக, என் படிப்புச் செலவுக்காக. ஹட்டனில் நான் முடித்த ஆறு மாதக் கோர்ஸ் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குச் செல்லாது, கொழும்பில் முழுசாகப் படித்தால்தான் அங்கே வேலை, இல்லாவிட்டால் காலமெல்லாம் இந்தக் கடையறையில் ஊசி குத்திக் குழாய் கழுவ வேண்டியதுதான். அன்றைக்கு அவளுக்கு ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது, பன்னிரண்டாவது வேண்டும், போக முடியாது என்றதும் எனக்கு வந்த நிம்மதி... அதை மறைக்கத்தான் படித்த திமிரில் அதட்டினேன், "சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்காத, அது சத்த ஒடம்புல சேர விடாது, கீர தின்னு, இரும்பு மாத்திர போடு." அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், மாதாவே, வேறெதற்கும் இல்லையே! அவளோ தேத்தண்ணியையே விட்டுவிட்டாள். விடிகாலையில் வெறுந்தேத்தண்ணி குடித்தே மலையேறிப் பழகியவள், பனிக்குள் வெந்நீரைக் குடித்துவிட்டுப் போனாள், பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா, "மக டொக்டராயிட்டா, இவ தேத்தண்ணிய மறந்துட்டா" என்று கேலி செய்தபோது நானும் சிரித்தேன், என் பேச்சைக் கேட்கிறாளே என்று பெருமை வேறு... எதற்காகக் கேட்டாள் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

மெஷினுக்குள் இரத்தம் போய்விட்டது. குறைவாக இருக்கட்டும் மாதாவே, கொஞ்சம் குறைவாக... என்ன ஜெபம் இது, பெற்றவளுக்கு இரத்தம் குறையட்டும் என்று எவளாவது கேட்பாளா? அவளுக்கு நோய் வரட்டும் என்றா கேட்கிறேன், பக்கத்தில் இருக்கட்டும் என்றுதானே... திரையில் பன்னிரண்டு புள்ளி மூன்று. லேப் நடத்தும் சண்முகராஜா சேர் எட்டிப் பார்க்கிறார், "நோர்மல்தானே ஜொய்சி, எதுக்கு அழுற?" ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறேன், வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள் அம்மா, மடக்கிய கைக்குள் பஞ்சு, என் கண்ணைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைத்துக்கொண்டாள், முகமெல்லாம் சிரிப்பு, பக்கத்துக் கடையில் யாரோ தேத்தண்ணி ஆற்றுகிறார்கள், வாசம் இங்கே வரைக்கும் வருகிறது.

"பாஸாயிருச்சா புள்ள? அப்ப இனிமே தேத்தண்ணி குடிக்கலாந்தானே?"

குடி என்றால் நானே அவளை அனுப்பிவைத்த மாதிரி, வேண்டாம் என்றால்... வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னதும் நான்தானே, அதில்தானே இரத்தம் ஏறியது.