முக்கொம்பில் பிரிந்தவர்

அம்மாமண்டபம் படித்துறையில் ரஞ்சனி தன் புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூடவே இழுத்துக்கொண்டிருந்த பிச்சைமுத்து ஒரு கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பேசியது அவர் மனைவி ஆனந்தவள்ளி, ரஞ்சனிக்கு நாத்தனார்.

"ரஞ்சனி, பயப்படாத. மாதவன் கிடைச்சுட்டான். கொள்ளிடம் பாலத்துக்கு அடியில ஒதுங்கியிருந்தான். நல்லாத்தான் இருக்கான், பசிக்குதுங்கிறான்."

ரஞ்சனி தன் கையிலிருந்த காலரைப் பார்த்தாள். காலருக்குள் இருந்த மாதவன் குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு, "அக்காவா? கவலைப்பட வேணாம்னு சொல்லு" என்றான். பக்கத்துப் படியில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த ஸ்ரீரங்கத்துக்காரர் கோபு மட்டும் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "முக்கொம்புலேர்ந்து வராரா? அப்ப வடக்க இன்னொருத்தர் வந்திருப்பாரே. பிழைச்சாரோன்னோ, பெருமாள் காப்பாத்தினார்."

நடந்தது இதுதான். எடமலைப்பட்டி புதூரில், மதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சில தெருக்களே உள்ள ஒரு காலனியில்தான் ஆனந்தவள்ளியின் வீடு. விருந்தாளி யார் வந்தாலும் மலைக்கோட்டை ஏற்றி, ஸ்ரீரங்கம் சேவிக்க வைத்து, முக்கொம்பில் புளியோதரையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவதில்லை. கொள்ளிடத்தில் உபரி நீர் திறந்துவிடும் வாரங்களில், ஆறு பிரிகிற இடத்தில் இறங்கிக் குளிக்கிறவரும் ஆற்றோடு சேர்ந்து பிரிந்து, காவேரியில் ஒருவர், கொள்ளிடத்தில் ஒருவர் என இரண்டாகக் கரையேறுவார் என்பது அங்கே எல்லோருக்கும் பஸ் நம்பர் மாதிரித் தெரிந்த விஷயம். ஆனால் விருந்தாளிகளிடம் அதை யாரும் சொல்வதில்லை. விளக்கு வைத்த பிறகு அந்தப் பேச்சு ஆகாது. காலையில் வாசல்படி தாண்டுகிற நேரத்தில் தண்ணீர் கண்டம் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. ஒரு தும்மலுக்கே உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்புகிற ஜனம் அது. கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து விருந்துக்குப் புதுக்கோட்டையிலிருந்து வந்த மாதவனும் ரஞ்சனியும் அப்படித்தான் ஒன்றும் தெரியாமல் கிளம்பினார்கள். மாதவன் காலை நனைக்க இறங்கினான், காணாமல் போனான். ரஞ்சனி அலறினாள். ஆனந்தவள்ளி அலறவில்லை. "நீங்க தெக்கால போங்க, நான் வடக்கால போறேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். இருவர் தோளிலும் ஆளுக்கொரு துண்டு இருந்ததை ரஞ்சனி பிறகுதான் யோசித்துப் பார்த்தாள்.

அன்று மாலை காலனி வீட்டுக் கூடத்தில் இரண்டு மாதவன்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சமயத்தில் தலை துவட்டினார்கள். எதிர்வீட்டு டெல்பின் டீச்சர் வந்து, தன் கொழுந்தனாருக்கும் இப்படித்தான் ஆனது, கொஞ்ச நாளில் பழகிவிடும், ஒரே நிறத்தில் சட்டை எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான் என்றார் பிச்சைமுத்து. பிரிந்தவர்களில் ஒருவர்தான் வெளியூர் போக முடியும். மற்றவருக்குக் காலனியை விட்டு வெளியே போகிற வழியிலுள்ள கிராப்பட்டிப் பாலத்திலேயே கால் மரத்துவிடும், காலனிதான் கதி. திங்கட்கிழமை புதுக்கோட்டை பஸ் கிளம்புவதற்குள் ரஞ்சனி முடிவு பண்ண வேண்டும்.

"யாரை விட்டுட்டுப் போனாலும் என் புருஷன்ல பாதியைத்தானே அண்ணே விட்டுட்டுப் போறேன்?" என்று அவள் அழுதாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். காவேரிக்காரர் அவள் கூடவே குடித்தனம் நடத்திய அதே ஆள். செருப்பை ஜோடி சேர்த்து விட்டார், சோற்றை அளந்து தின்றார், கல்யாண நாளைப் பற்றிக் கேட்டதும் முகூர்த்த நேரம், மண்டபம், சமையல்காரர் பெயர் எல்லாம் ஒப்பித்தார். கொள்ளிடத்துக்காரர் பாதி நேரம் வறண்டு கிடந்தார். திடீரென்று பெருகினார். பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார், ரசத்தில் கை நனைத்தபடி அழுதார். கல்யாண நாளைப் பற்றி அவருக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. "மெட்டி போடறப்ப உன் கால் ஐஸ் மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. ஆனா சொல்ல வாய் வரல."

திங்கட்கிழமை காலை ரஞ்சனி சமையலறைக்குப் போய்ச் சொன்னாள்: "அண்ணி, நான் கொள்ளிடத்துக்காரரைக் கூட்டிட்டுப் போறேன்."

ஆனந்தவள்ளி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே நின்றாள். தோசை ஊற்றவில்லை. எண்ணெய் புகைந்தது.

"இவனுக்குள்ள அப்படி இன்னும் மிச்சம் இருந்துச்சா?" என்றாள் கடைசியில். "எனக்கு அதான் விளங்கல ரஞ்சனி. ஏற்கெனவே பிரிஞ்ச ஆளு, இனிமே பிரியறதுக்கு என்ன இருக்குன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"ஏற்கெனவேன்னா?"

"உன்னைப் பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தின ஆடியில. அவனும் முக்கொம்புல இறங்கிட்டான். அம்மாமண்டபத்துல கிடைச்சவன் மயக்கமா இருந்தான், எதுவும் சொல்லாம ஊருக்கு அனுப்பிட்டோம். சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை, கல்யாணத்துக்குத் தோதுன்னு நினைச்சோம். உனக்குக் கட்டிவெச்சது அவனைத்தான்."

ரஞ்சனி அடுப்பை அணைத்தாள். "அப்ப இன்னொருத்தர்?"

"கடைசித் தெருவுல இருக்கான். இந்தக் காலனியை விட்டு அசைய முடியாது. உங்க கல்யாணத்தன்னிக்குப் பாலம் வரைக்கும் போய்ப் பார்த்திருக்கான். கால் விளங்காம, பட்டு வேட்டியோட தூக்கிட்டு வந்து போட்டாங்க."

அன்று புதுக்கோட்டை பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. ஆவணி பிறந்ததும் அதே காலனியில் பெரிய கூடமாகப் பார்த்து ஒரு வீடு பிடித்தார்கள். பால் காய்ச்சிய அன்று, வலது காலை எடுத்து வைத்து ரஞ்சனி முதலில் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் மூன்று பேராக உள்ளே வந்தான்.