வாசலை மறித்த நெஞ்சு நோ

பத்மாசனிக்கு நெஞ்சு நோ வந்தபோது அக்கராயனில் அரைவாசிச் சனம் பால்மாப் பேணியோடு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. இருமினால் குத்து, தும்மினால் குத்து, இடியப்ப உரலை அழுத்தினால் உயிரே போகிற குத்து. ஹார்ட்தான் என்று அயலட்டைச் சனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிளிநொச்சியில் டொக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு பழுதும் இல்லை, விலா எலும்பு நெஞ்செலும்போடு பொருந்துகிற இடத்துக் குருத்தெலும்பில் அழற்சி என்றார். அறுவடைத் தூசியில் கிழமைக்கணக்காக இருமியதும், நெல்மூட்டை இழுத்ததும் செய்த வேலை. மாப்பேணி கொண்டுவந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டொக்டர் அவளைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே தயாளினி மிஸ் நல்ல பிள்ளை, ஆனால் கண்டிப்பு.

“அம்மா, பாரம் தூக்கக் கூடாது, இடியப்பமும் இப்போதைக்குப் பிழியக் கூடாது. சுடுதண்ணி ஒத்தணம் பிடியுங்கோ. காலமையும் பின்னேரமும் கதவு நிலையிலை ரெண்டு கையையும் ஊண்டி, ஒரு காலை முன்னுக்கு வைச்சு, நெஞ்சை மெதுவா முன்னுக்குக் குடுங்கோ. கண்ணை மூடி ஆறுதலா மூச்சு விடுங்கோ. நோ கூடினா நிப்பாட்டிப் போடுங்கோ.”

அன்றிலிருந்து குசினி புருசன் சின்னராசாவின் கைக்குப் போனது. அவர் பிழிந்த இடியப்பம் தட்டோடு ஒட்டிக்கொண்டு களி போலக் கிடந்தது. பத்மாசனி புறுபுறுக்காமல் சாப்பிட்டாள். குறை சொன்னால் அடுத்த நாள் பிழிய ஆள் இருக்காது.

கரைச்சல் கொடுத்தது கதவு நிலைதான். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. முன்வாசலுக்கு மட்டும்தான் முதிரை மரத்தில் நிலை. மற்ற வழிகளுக்கெல்லாம் சீலைத் திரை. வாசலில் கையை ஊன்றி நின்றால் லட்சுமி வருகிற வழியை மறிக்கிறது என்று மகள் பிரஷாந்தினிக்குப் பிடரியில் போட்டு வளர்த்தவள் பத்மாசனி. இப்போது அவளே நிற்க வேண்டும். ‘பிள்ளையாரே, இது வைத்தியம், கணக்கிலை எடுக்காதை’ என்று சொல்லிவிட்டு நின்றாள். வெட்கத்தைச் சொன்னாலும் சுகத்தையும் சொல்ல வேண்டுமே, நோ குறைந்துகொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரஷாந்தினியின் விசயம் கனிந்தது. பிரஷாந்தினியும் நெளுக்குளத்து நிஷாந்தனும் மனம் ஒத்துப்போனவர்கள். அவனுடைய தாய் ஜெகதீஸ்வரி சாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வருசமாகச் சாட்டுச் சொன்னாள். மகன் வேறொரு சாத்திரியாரைத் தேடிப் பிடித்த பிறகு, அரை மனதோடு பொம்பிளை பார்க்க வருகிறேன் என்றாள். இதுவும் குழம்பினால் இனி இல்லை என்று பிரஷாந்தினி அழுதிருந்தாள்.

பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. ஜெகதீஸ்வரி நல்ல நேரம் பார்த்து வெள்ளனவே வெளிக்கிட்டு, பஸ்சில் கிளிநொச்சிக்கு வந்து, மகனோடு ஓட்டோ பிடித்து ஒன்பதுக்கு முன்னமே படலையடிக்கு வந்துவிட்டாள். ஓட்டோக்காரன் கோர்ன் அடித்தான்.

பத்மாசனி அப்போது வாசலில் சிலுவை போலக் கையை விரித்து, கண்ணை மூடி, பயிற்சியின் நடுவில் நின்றாள். அந்த நேரத்துக்குத் தினமும் ஓட்டோவில் வந்து கோர்ன் அடிப்பவர் மீன்காரர். நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் இன்றைக்கு மீனா? கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

“இண்டைக்கு வேண்டாம், போங்கோ!”

ஓட்டோ திரும்பிப் போன சத்தம் கேட்டது. நிம்மதியாக மூச்சு விட்டாள். அடுத்த நிமிசம் பிரஷாந்தினி ஃபோனும் கையுமாக ஓடிவந்தாள்.

“அம்மா, என்ன வேலை செய்தனீங்கள்! மாமியை வாசலை மறிச்சுத் திருப்பி அனுப்பிப் போட்டீங்களாம்!”

பத்மாசனிக்கு நெஞ்சு உண்மையாகவே நின்றுவிடும் போலிருந்தது. நோவையும் மறந்து சின்னராசாவின் மோட்டார்சைக்கிளில் ஏறினாள். ஏறிய பிறகு ஒவ்வொரு குழியும் அதை ஞாபகப்படுத்தியது. “மெதுவா போகட்டோ?” என்று அவர் கேட்டார். “கதையாமல் முறுக்குங்கோ!” என்றாள்.

சந்திக் கடையடியில் ஓட்டோ நின்றது. நிஷாந்தன் தாயை அங்கே மறித்துவைக்கத் தலைசுற்றுகிறது என்று பொய் சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருந்தான். பாவம், மூன்றாவது சோடா.

“வாசல்லை கையை விரிச்சு நிண்டு போங்கோ எண்டு சொல்லிப்போட்டு, இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?” என்றாள் ஜெகதீஸ்வரி.

“ஐயோ, அது மீன்காரருக்குச் சொன்னது!”

“அப்ப நாங்கள் மீன்காரரோ?”

பத்மாசனி மூச்சு வாங்க வாங்க எல்லாம் சொன்னாள். ஜெகதீஸ்வரி உதட்டைச் சுழித்தாள். “கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா நெஞ்சு நோ மாறுமோ? ஆருக்குக் காது குத்துறியள்?”

இனிப் பேசிப் பயனில்லை. பத்மாசனி அவளுடைய கையைப் பிடித்துத் தன் நெஞ்செலும்புக்கு இடப்பக்கத்தில் வைத்தாள். “இதிலை அழுத்திப் பாருங்கோ.”

ஜெகதீஸ்வரி ஒரு வருசக் கோபத்தையும் விரலில் சேர்த்து அழுத்தினாள்.

“அம்மோய்!”

கடை வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். பத்மாசனி முகம் வெளிறிச் சரிந்தாள். ஜெகதீஸ்வரி பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

“இந்த நோவோடையோ மோட்டார்சைக்கிளிலை வந்தனீங்கள்?”

“வராட்டி என்ரை பிள்ளை உடைஞ்சு போயிடுவாள்.”

ஜெகதீஸ்வரி தன் சேலைத் தலைப்பால் பத்மாசனியின் முகத்தைத் துடைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, சோடாவை வைச்சிட்டு மாமாவோடை மோட்டார்சைக்கிளிலை ஏறு. மச்சாள், நீங்கள் என்னோடை ஓட்டோவிலை வாங்கோ. வீட்டை போவம்.”

மாமா, மச்சாள்! சம்பந்தி முறையே வந்துவிட்டது. இனி எந்தச் சாத்திரியார் வந்தாலும் ஒன்றும் செய்யேலாது. சின்னராசா மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ண மறந்துபோய் நின்றார். ஓட்டோவுக்குள் ஜெகதீஸ்வரி அவள் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் நோகுதோ மச்சாள்?” என்று கேட்டாள்.

நோ தணிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சொல்லை இன்னொருக்கால் கேட்க ஆசையாக இருந்தது.

“ஓம்” என்றாள் பத்மாசனி.