வெந்நீர் நிறைத்த கையுறை

கலாதேவி மலேசியாவின் ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவள். தன் விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன என்று அவளுக்கே தெரியும். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நுண்குழாய்கள் வளர்கின்றன, சட்டென்று உதிர்கின்றன, உதிர்ந்த துணுக்குகளே மறுபடியும் குழாயாகின்றன. இப்படிக் கட்டிக் கலைத்தால்தான் உயிரணு இரண்டாகப் பிரியும். அவளுடைய மார்புப் புற்றுக்கு ஏற்றிய மருந்து அந்தக் குழாய்களைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்தது. புற்றணுக்கள் பிரிய வழியின்றிச் செத்தன. ஆனால் நரம்புகளும் அதே குழாய்களின் மேல்தான் விரல்நுனிவரை சத்தை அனுப்பியாக வேண்டும்.

"உணர்வு ரொம்பப் போயிட்டா மருந்த நிறுத்தணும்," என்றிருந்தார் டாக்டர்.

"என் வீட்டுக்காரர் கையத் தொட்டா இன்னும் தெரியுது டாக்டர். நிறுத்திடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மங்களத்தின் வீட்டில் விருந்து. ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. சாப்பிட்டு முடித்ததும் டாக்டரிடம் சொன்னதைக் கலாதேவி வெட்கத்தோடு சொன்னாள்.

"அப்படியா அண்ணி? பாத்துருவோம் லா!"

மங்களம் துப்பட்டாவால் அவள் கண்களைக் கட்டினாள். உள்ளங்கையில் எலுமிச்சையை வைத்தாள். கலாதேவி முட்டை என்றாள். கரண்டியைப் பேனா என்றாள்.

"டீச்சர் பெயில் லா!" என்று மங்களத்தின் கணவன் சதாசிவம் கைதட்டினான்.

கலாதேவியின் கணவன் தர்மேந்திரன் உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கினான். கையுறைத் தொழிற்சாலையில் உறைகளில் தண்ணீர் நிரப்பி ஓட்டை பார்ப்பது அவன் வேலை. காரில் எப்போதும் நாலைந்து உறைகள் கிடக்கும். ஒன்றை எடுத்து வந்து, வெந்நீர் நிறைத்து, வாயை முடிந்து, அவள் கையில் வைத்தான்.

இரு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டாள். முகம் கனிந்தது.

"இது இவருதான். இந்தக் கை எனக்குத் தெரியாதா?"

அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். கன்னத்தில் உணர்வு இருந்தது; பட்டது தோல் அல்ல, ரப்பர்.

வீடே அதிரச் சிரித்தார்கள். தர்மேந்திரன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவள் வெகுநேரம் கண்கட்டை அவிழ்க்கவில்லை.

திரும்பும்போது காரில் அவள் கைமேல் தன் கையை வைத்தான்.

"சும்மா வெளையாட்டுதானே கலா. கோவமா?"

அவள் குனிந்து அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். மோதிரம், நகம், ரோமம் எல்லாம் அவனுடையவை.

"இதுவும் உறைதாங்க," என்றாள். "நாளைக்கு டாக்டர் கேட்டா நீங்களே சொல்லிடுங்க, எனக்கு ஒன்னும் தெரியலன்னு."