கவுத்த சோர்பா

1

இந்தக் கதை என்னோடது இல்ல. ருமேனியாவுல, சிபியு ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ரூபி சொன்னது. முன்னாடி பல வருஷம் எனக்குப் பக்கத்து வீட்டுல இருந்தவ; அந்த நாட்டுல காலங்காலமா ஒதுக்கி வச்ச ரோமா சனம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. முடிவைச் சொல்றதுக்குள்ள அவ பஸ் வந்துடுச்சு.

முதல்ல இப்படி ஆரம்பிச்சேன்: "ரோமா சனங்களுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்கணும்னா..." அடிச்சிட்டேன். அது மேடையில பேசுறது. கதைன்னா ஒரு அடுப்பாவது எரியணும்.

2

எரியுது. சமையல் பயிற்சியோட கடைசிப் பரீட்சை. ரூபியோட நாத்தனார் ஸம்பிலா சோர்பா வைக்கிறா, புளிப்பான கறி சூப்பு. பாஸானா, மக படிக்கிற பள்ளிக்கூடத்துலயே சமையல் வேலை. ஸம்பிலா தெருவுல மாசச் சம்பளம் வாங்கப்போற முதல் பொம்பளை அவதான்.

பரீட்சை வைக்கிற ஓப்ரியா மேடம் நல்லவங்க. (கெட்டவங்களா எழுதிப் பாத்தேன். கதை சுலபமாயிடுச்சு, கிழிச்சுட்டேன்.) தரையில சிந்தினதை அவங்களே குனிஞ்சு துடைச்சாங்க. அந்தத் துணியைப் பாத்திரம் கழுவுற தொட்டியிலயே அலசினாங்க. அதே தண்ணியில கிடந்த கரண்டியை எடுத்து, "அடி பிடிக்குது பாரும்மா"ன்னு ஸம்பிலாவோட சோர்பாவைக் கிண்டிவிட்டாங்க. உதவிதான்.

ஸம்பிலா வீட்டுல தரைத்துணிக்கு ஒரு தொட்டி, பாத்திரத்துக்கு ஒரு தொட்டி. கலந்தா தீட்டு.* அப்புறம் சட்டியில இருக்கிறது சாப்பாடே இல்ல.

மேடம் அந்தாண்ட நகர்ந்ததும் சட்டியைத் தூக்கிக் கவுத்துட்டா.

(* இந்த வார்த்தையைப் போட எனக்குக் கை கூசுது. நம்ம ஊர்ல அது ஆளையே தள்ளி வச்சுது. இந்தக் கதையில ஒரு துணியைத்தான் தள்ளி வைக்குது. வேற வார்த்தை கிடைக்கல.)

3

பக்கத்து அடுப்புல ரூபி, அவளுக்கும் அதே பரீட்சைதான்.

"அடியே, கிறுக்கு பிடிச்சிருச்சா?"

"நீங்க குடிப்பீங்களா அண்ணி அதை?"

"நான் ஏன் குடிக்கிறேன்? அந்தம்மாதானேடி குடிக்கப்போகுது! அவங்க துணி, அவங்க வயிறு!"

"நாளைக்குப் பிள்ளைங்க குடிக்கும். இன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டா நாளைக்கும் மூடத் தோணும்."

"வந்துட்டா மகாராணி! வேலை போச்சுன்னா உன் மகளுக்கு நியாயத்தையா பிசைஞ்சு ஊட்டுவே?"

4

மேடம் திரும்பி வந்தாங்க.

"எங்கம்மா சோர்பா?"

"ஊத்திட்டேன் மேடம்."

"ஏன்?"

உப்புக் கூடிப்போச்சுன்னு பொய் சொன்னா, சமைக்கத் தெரியாதவன்னு ஆயிடும். உண்மையைச் சொன்னா, நீங்க அலசின தண்ணி... (இந்த வாக்கியத்தை என்னால முடிக்க முடியல. பொறந்ததுலருந்து 'அழுக்குச் சனம்'னு கேட்டு வளந்தவ, இப்ப எதிர்ல நிக்கிறவங்களைப் பாத்து அதையே சொல்லணும்.)

மேடம் கட்டிப்பிடிச்சுப் பாஸ் போடுற மாதிரி ஒரு முடிவு எழுதினேன். திகட்டிச்சு. ஃபெயில் போடுற மாதிரியும் எழுதினேன். அது தடங்கலே இல்லாம வந்துச்சு. அவ்வளவு லேசா வந்ததே பயமாயிடுச்சு, நிறுத்திட்டேன்.

அதனால இவ்வளவுதான் எழுதுறேன்: "மேடம், கோச்சுக்காதீங்க, எங்க வீட்டுல..."ன்னு ஸம்பிலா ஆரம்பிச்சுட்டா. மேடம் இடத்துல இப்ப நீங்க நில்லுங்க. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நிப்பீங்களா?